காலநிலை மாற்றத்தை ஐயுறுதலும் காலநிலையை மாற்ற முனைதலும்

புவி வெப்பமடைவதற்கு மனிதர்களே காரணம் என்பதை ஏற்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வெப்பத்தைத் தணிக்க வானில் கந்தகத் துகள்களைத் தூவலாம், கடலில் இரும்பைக் கரைக்கலாம் என்று திட்டம் தீட்டுபவர்களும் இருக்கிறார்கள். முதற்பார்வையில் இவ்விரு தரப்பினரும் எதிரெதிர்த் திசைகளில் நிற்பதாகத் தோன்றும். ஆனால் இருவருக்கும் அடிப்படையாக இருப்பது ஒரே கேள்விதான். காற்றின் சேர்மானத்தில் மனிதர்கள் செய்யும் சிறிய மாற்றம் புவியின் வெப்பநிலையை எவ்வளவு தூரம் அசைக்கும்? இக்கேள்வியின் எந்தப் பகுதிக்கு உறுதியான விடை கிடைத்துவிட்டது, எந்தப் பகுதி இன்னும் விடைபெறாமல் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் நியாயமான ஐயம் எது, வெறும் மறுப்பு எது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

சூரியனிடமிருந்து வரும் ஆற்றலைப் புவிப்பரப்பு முழுவதற்கும் இரவு பகல் பாராமல் சராசரியாகப் பங்கிட்டால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 340 வாட் கிடைக்கிறது. அதில் ஏறத்தாழ 30 சதவீதத்தை மேகங்களும் பனிப்பரப்புகளும் வெளிர்நிற நிலங்களும் காற்றும் விண்வெளிக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதியை உள்வாங்கிக்கொள்ளும் புவி, அதை அகச்சிவப்புக் கதிர்களாக வெளியேற்றுகிறது. வரவும் செலவும் இவ்வளவுதான் என்றால், புவியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸாக இருந்திருக்கும். கடல்கள் உறைந்து கிடந்திருக்கும். நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் முதலிய வாயுக்கள் அகச்சிவப்புக் கதிர்களின் ஒரு பகுதியை மறித்துக் கீழ்நோக்கித் திருப்புவதால்தான் சராசரி வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி நிற்கிறது.

இது அண்மைக்காலக் கண்டுபிடிப்பு அன்று. 1856ஆம் ஆண்டு யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்து, கார்பன் டை ஆக்சைடு நிறைந்த குழாயே அதிகமாகச் சூடேறுகிறது என்று பதிவு செய்தார். 1859 முதல் ஜான் டிண்டல் இவ்வாயுக்கள் வெப்பக் கதிர்களை உறிஞ்சும் அளவைக் கருவி கொண்டு அளந்தார். 1896இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அரீனியஸ், காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி வரை உயரும் என்று கையாலேயே கணக்கிட்டார். அந்த எண் இன்றைய மதிப்பீட்டைவிடக் கூடுதல் என்றாலும், திசை சரியாகவே இருந்தது. காலநிலை மாற்றம் என்பதே அரசியலுக்காகப் புனையப்பட்டது என்று சொல்பவர்கள் இந்த ஆண்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். சுற்றுச்சூழல் இயக்கமோ கணினியோ ஐக்கிய நாடுகள் சபையோ தோன்றாத காலத்தில் செய்யப்பட்ட வேலைகள் இவை.

தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 280 கார்பன் டை ஆக்சைடாக இருந்தன. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் சார்லஸ் டேவிட் கீலிங் தொடர் அளவீட்டைத் தொடங்கியபோது அது 315 ஆகியிருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அண்டார்க்டிகாவின் பனியில் சிறைப்பட்ட பழங்காலக் காற்றுக்குமிழிகளை ஆராய்ந்ததில், கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் தொழிற்புரட்சிக்கு முன்பு அது 300ஐக்கூட மீறியதில்லை என்று தெரிகிறது.

இனி ஐயங்களுக்கு வருவோம். ஐயுறவாளர்கள் எல்லோரும் ஒரே கருத்தைச் சொல்வதில்லை. புவி வெப்பமடையவே இல்லை என்பவர் ஒருவர். வெப்பமடைகிறது, ஆனால் காரணம் சூரியன் என்பவர் மற்றொருவர். காரணம் மனிதர்தான், ஆனால் விளைவு சிறியது என்பவர் வேறொருவர். விளைவு பெரிதுதான், ஆனால் உமிழ்வைக் குறைப்பதைவிட மலிவான வழி உண்டு என்பவர் இன்னொருவர். முதல் கூற்றுக்கும் கடைசிக் கூற்றுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருப்பதால், எல்லோரையும் ஒரே பெயரிட்டு ஒதுக்கிவிட்டால் விவாதம் நடவாது.

கூடுதலாகச் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு எரிமலைகளிலிருந்தோ கடலிலிருந்தோ வந்திருக்கலாமே என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்கான விடை கார்பன் அணுக்களிலேயே பதிந்திருக்கிறது. தாவரங்கள் ஒளிச்சேர்க்கையின்போது கனமான கார்பன்-13ஐவிட இலேசான கார்பன்-12ஐயே அதிகம் எடுத்துக்கொள்கின்றன. நிலக்கரியும் பெட்ரோலியமும் பழங்கால உயிர்களிலிருந்து உருவானவை என்பதால், அவற்றிலும் கார்பன்-13 குறைவாகவே இருக்கிறது. கதிரியக்கத் தன்மையுள்ள கார்பன்-14 கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிதைந்துபோய்விடுவதால், அவற்றில் அது அறவே இல்லை. இவற்றை எரித்து வெளிவரும் வாயு காற்றில் கலந்தால் கார்பன்-13, கார்பன்-14 ஆகிய இரண்டின் விகிதமும் குறைய வேண்டும். அப்படியே குறைந்திருப்பதை அளவீடுகள் காட்டுகின்றன. எரிதலுக்குப் பயன்பட்ட ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைந்துவருகிறது. எரிமலைகள் ஆண்டுதோறும் வெளிவிடுவது மனிதர்கள் வெளிவிடுவதில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது.

வெப்பமாதலுக்குச் சூரியன் காரணமாக இருக்கலாமே என்ற கேள்விக்கு வானத்தின் மேலடுக்கு விடை சொல்கிறது. சூரியன் கூடுதலாக எரிந்தால் வளிமண்டலத்தின் கீழடுக்கும், அதற்கு மேலுள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற அடுக்கும் சேர்ந்தே சூடேற வேண்டும். கார்பன் டை ஆக்சைடு காரணமாக இருந்தால் கீழடுக்கு சூடேறி மேலடுக்கு குளிர வேண்டும் என்று 1967இலேயே ஸ்யுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் கணித்திருந்தார்கள். பின்னர் வந்த செயற்கைக்கோள்களும் பலூன்களும் இரண்டாவதையே கண்டன. 1978 முதல் விண்வெளியிலிருந்து நேரடியாக அளக்கப்படும் சூரிய ஆற்றலிலும் 11 ஆண்டுச் சுழற்சியைத் தவிர ஏறுமுகம் எதுவும் தென்படவில்லை.

காலநிலை எப்போதுமே மாறிக்கொண்டுதான் இருந்தது என்ற வாதம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. அது முற்றிலும் உண்மை. பனியூழிகள் வந்தன, போயின. புவியின் சுற்றுப்பாதையிலும் சாய்விலும் ஏற்படும் மெதுவான மாற்றங்கள் அவற்றைத் தொடங்கிவைத்தன. சூடேறிய கடலிலிருந்து வெளிவந்த கார்பன் டை ஆக்சைடு அந்த வெப்பத்தை மேலும் பெருக்கியது. பழைய பனிப்பதிவுகளில் வெப்பநிலைக்குச் சற்றுப் பின்னால் இந்த வாயு உயர்வது இதனால்தான். ஆனால் இவ்வரலாறு ஐயுறவாளருக்குத் துணைநிற்பதைவிட எதிராகவே நிற்கிறது. சிறு தூண்டலுக்கும் புவி பெரிதாக அசைந்துகொடுக்கும் என்பதையல்லவா அது காட்டுகிறது?

ஐயம் எப்படி அறிவியலுக்குப் பயன்பட வேண்டும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ராய் ஸ்பென்சரும் அலபாமா பல்கலைக்கழகத்தின் ஹன்ட்ஸ்வில் வளாகத்தைச் சேர்ந்த ஜான் கிறிஸ்டியும் 1990இல் ஒரு புதிய அளவீட்டை வெளியிட்டார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் வெளிவிடும் நுண்ணலைகளைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்கின்றன. அவற்றிலிருந்து கீழடுக்கின் வெப்பநிலையை அவர்கள் கணக்கிட்டார்கள். தரையிலுள்ள வெப்பமானிகள் உயர்வைக் காட்டிய அதே காலத்தில், அவர்களுடைய தொடரில் உயர்வே தென்படவில்லை. ஐயுறவாளர்களுக்கு இதைவிட வலுவான சான்று அப்போது வேறு இருக்கவில்லை. இதனால் மற்றவர்கள் அத்தரவைத் துருவி ஆராய்ந்தார்கள். செயற்கைக்கோள்கள் காற்றின் உராய்வால் கொஞ்சங்கொஞ்சமாகக் கீழிறங்குவது கணக்கில் சேர்க்கப்படவில்லை என்றும், அது இல்லாத குளிர்ச்சியைக் காட்டிவிட்டது என்றும் 1998இல் ஃபிராங்க் வென்ட்ஸும் மத்தியாஸ் ஷாபெலும் கண்டறிந்தார்கள். செயற்கைக்கோள் ஓரிடத்தைக் கடக்கும் நேரம் ஆண்டுகள் செல்லச் செல்ல நகர்ந்துவிடுவதற்காகச் செய்யப்பட்ட திருத்தமும் தலைகீழாகப் போடப்பட்டிருந்தது என்று 2005இல் கார்ல் மியர்ஸும் வென்ட்ஸும் காட்டினார்கள். அலபாமாக் குழுவினர் இவற்றை ஏற்றுத் தம் தொடரைத் திருத்திக்கொண்டார்கள். இன்று அவர்களுடைய சொந்தத் தொடரே பத்தாண்டுக்குச் சுமார் 0.15 டிகிரி உயர்வைக் காட்டுகிறது.

இரண்டாவது நிகழ்வு கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் நடந்தது. தரை வெப்பமானிகளின் தரம் சரியில்லை, நகரங்களின் வெப்பம் கணக்கைக் கெடுக்கிறது என்று கருதிய இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், 2010இல் ஒரு குழுவை அமைத்து, 30,000க்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகளைப் புதிதாக அலசத் தொடங்கினார். காலநிலைச் சட்டங்களை எதிர்க்கும் அமைப்புகளுக்குப் பணம் வழங்கிவந்த கோக் அறக்கட்டளையும் அவருக்கு நிதியளித்தது. முடிவில் பழைய ஆய்வுகள் காட்டிய உயர்வே அவருக்கும் கிடைத்தது. உயர்வுக்கு ஏறத்தாழ முழுக்காரணமும் மனிதர்களே என்று 2012இல் அவர் வெளிப்படையாக எழுதினார். சோதனைக்கு உடன்பட்டு, முடிவை ஏற்றுக்கொண்ட இத்தகைய ஐயத்தை நான் மதிக்கிறேன்.

மதிக்க இயலாத இன்னொரு வகையும் உண்டு. எக்ஸான் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1970களிலும் 80களிலும் உள்ளறிக்கைகளில் வெப்ப உயர்வைப் பெரும்பாலும் சரியாகவே கணித்திருந்தார்கள் என்பது பின்னர் வெளிவந்தது. அந்நிறுவனமோ வெளியில் பல ஆண்டுகள் அறிவியல் முடிவாகவில்லை என்றே பேசிவந்தது. விடை தெரிந்த பின்னும் தெரியாததாகக் காட்டுவதற்கு ஐயம் என்று பெயரிடுவது தவறு.

அப்படியானால் உண்மையிலேயே தீராத கேள்வி எது? கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் இறுதியில் எத்தனை டிகிரி உயரும் என்பதே அது. 1979இல் ஜூல் சார்னி தலைமையிலான குழு 1.5 முதல் 4.5 டிகிரி வரை என்று மதிப்பிட்டது. காலநிலை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ஐக்கிய நாடுகள் குழுவான ஐ.பி.சி.சி. 2021இல் வெளியிட்ட அறிக்கை, 2.5 முதல் 4 டிகிரி வரை இருக்க வாய்ப்பு அதிகம் என்றும், சிறந்த மதிப்பீடு 3 டிகிரி என்றும் சொல்கிறது. நாற்பது ஆண்டு உழைப்புக்குப் பின்னும் வரம்பு இவ்வளவு அகலமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் மேகங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் (எம்.ஐ.டி.) சேர்ந்த ரிச்சர்ட் லிண்ட்சன், வெப்பம் கூடும்போது வெப்பமண்டலத்தின் உயரமான மேகங்கள் குறைந்து வெப்பத்தை வெளியேற்றிவிடும் என்று 2001இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். புவி தன்னைத் தானே பெருமளவு சரிசெய்துகொள்ளும் என்று நம்பும் அளவுக்கு அதற்கு ஆதாரம் சேரவில்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரம்பு அகலமாக இருப்பதை ஐயுறவாளர்கள் நிம்மதிக்குரிய செய்தியாகச் சொல்கிறார்கள். ஆனால் வரம்புக்குக் கீழ்முனை இருப்பதைப் போலவே மேல்முனையும் இருக்கிறது.

இந்த நிலையில்தான் காலநிலையை வேண்டுமென்றே மாற்றும் திட்டங்கள் வருகின்றன. இவற்றைப் புவிப் பொறியியல் என்கிறார்கள். காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துவிடுவது ஒரு வழி. சூரிய ஒளியின் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்புவது மற்றொரு வழி. முதல் வழியின் இடர் சிறியது, ஆனால் வேகம் போதாது. ஐஸ்லாந்தில் 2021இல் இயங்கத் தொடங்கிய ஓர்கா ஆலை, ஆண்டுக்கு 4,000 டன் வாயுவைப் பிரித்தெடுக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றால் உலகம் ஆண்டுதோறும் வெளியேற்றுவதோ 3,700 கோடி டன் அளவில் இருக்கிறது.

இரண்டாவது வழிதான் அச்சமும் ஆசையும் ஒருங்கே தருவது. அதன் மாதிரியை இயற்கையே காட்டியிருக்கிறது. 1991ஆம் ஆண்டு ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் லூசான் தீவிலுள்ள பினடூபோ எரிமலை வெடித்து, ஏறத்தாழ 1.5 கோடி முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடை ஸ்ட்ராட்டோஸ்பியருக்குள் செலுத்தியது. அது நீருடன் சேர்ந்து கந்தக அமிலத் துளிகளாக மாறி, ஏறத்தாழ மூன்று வாரங்களில் புவியைச் சுற்றி ஒரு மெல்லிய படலமாகப் பரவியது. நாசாவின் ஜேம்ஸ் ஹான்சனும் அவருடைய குழுவினரும் கணினி மாதிரியைக் கொண்டு, 1992இன் பிற்பகுதியில் உலக வெப்பநிலை சுமார் அரை டிகிரி குறையும் என்று முன்கூட்டியே கணித்து வெளியிட்டார்கள். கணித்தபடியே குறைந்தது, துகள்கள் படிந்து மறைந்ததும் வெப்பம் மீண்டது. மாதிரிகளை நம்பவே முடியாது என்பவர்களுக்கு இதைவிட நேரடியான மறுமொழி கிடைப்பது அரிது.

எரிமலையைப் பின்பற்றிக் கந்தகத்தைத் தூவலாம் என்று சோவியத் விஞ்ஞானி மிகைல் புதிகோ 1974இலேயே சொல்லியிருந்தார். ஓசோன் ஆய்வுக்காக 1995இல் நோபல் பரிசு பெற்ற பால் க்ருட்சன், 2006இல் எழுதிய கட்டுரையில் இதை ஆராய வேண்டும் என்று சொன்ன பிறகே விஞ்ஞானிகள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். உமிழ்வைக் குறைப்பதே மேல் என்றும், அது நடக்கும் அறிகுறி இல்லாததாலேயே இதைப் பேச நேர்கிறது என்றும் அவர் அதிலேயே தெளிவுபடுத்தியிருந்தார்.

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் வீட்டின் கூரைமேல் ஈரச்சாக்கைப் பரப்புவது போன்றது இந்த வழி. சாக்கு காய்வதற்குள் மறுபடியும் நனைத்தாக வேண்டும். துகள்கள் ஓரிரு ஆண்டுகளில் கீழிறங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடின் கணிசமான பகுதியோ நூற்றாண்டுகளுக்குக் காற்றிலேயே தங்கும். உமிழ்வைக் குறைக்காமல் ஐம்பது ஆண்டுகள் தூவிவிட்டு, போராலோ பணமுடையாலோ ஒருநாள் நிறுத்த நேர்ந்தால், மறைந்திருந்த வெப்பம் முழுவதும் சில ஆண்டுகளுக்குள் வெளிப்படும். பயிர்களுக்கும் காடுகளுக்கும் தம்மைத் தகவமைத்துக்கொள்ள அவகாசம் இருக்காது. கடல்நீர் அமிலமாவதையும் இவ்வழி தடுக்காது, ஏனெனில் அதற்குக் காரணம் வெப்பமல்ல, கடலில் கரையும் வாயு.

மழை பற்றிய கவலை இதைவிடப் பெரியது. வெயிலைக் குறைப்பதும் கார்பன் டை ஆக்சைடைக் குறைப்பதும் ஒன்றல்ல. வெயில் குறைந்தால் கடலிலிருந்து நீர் ஆவியாவது குறைகிறது. நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடும் குறைகிறது. அந்த வேறுபாட்டை நம்பித்தான் தென்மேற்குப் பருவமழை நடைபெறுகிறது. பினடூபோ வெடிப்புக்கு மறு ஆண்டில் உலகின் நிலப்பரப்புகளில் மழை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. வட அரைக்கோளத்தில் மட்டும் துகள்களைத் தூவினால் மழைப்பட்டை தெற்கே நகர்ந்து, ஆப்பிரிக்காவின் சாஹெல் பகுதியில் வறட்சி ஏற்படும் என்று 2013இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. உலகச் சராசரி வெப்பநிலையைச் சரியாக நிறுத்திய பின்னும் ஒரு நாட்டின் மழை தவறலாம் என்பதே இதன் பொருள்.

எதிர்பார்ப்பும் விளைவும் எப்படி விலகிப்போகும் என்பதற்கு இந்தியா நேரடியாகப் பங்கேற்ற சோதனை ஒன்றே போதும். கடலில் இரும்பைக் கரைத்தால் நுண்பாசிகள் பெருகும், அவை கார்பனை உள்வாங்கி இறந்து ஆழத்தில் படியும் என்பது ஒரு கருத்து. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து 2009இல் போலார்ஸ்டெர்ன் என்ற கப்பலில் தெற்குப் பெருங்கடலுக்குச் சென்று, சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்புச் சல்பேட்டைக் கரைத்தன. பாசி பெருகத்தான் செய்தது. ஆனால் அந்நீரில் சிலிக்கா குறைவாக இருந்ததால், சிலிக்காவால் ஆன கனமான ஓடுள்ள டயாட்டம் வகைப் பாசிகள் வளரவில்லை. வளர்ந்த மென்மையான பாசிகளைச் சிறு விலங்குகள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குச் சென்ற கார்பன் மிகக் கொஞ்சமே. அந்தக் கணக்கு கடலின் ஒரு மூலையிலேயே பொய்த்துவிட்டது.

ஐயமும் பொறியியலும் சந்திக்கும் இடம் இனிதான் வருகிறது. ஹைட்ரஜன் குண்டின் உருவாக்கத்தில் முன்னின்ற எட்வர்ட் டெல்லர், மனிதர்களின் உமிழ்வுக்கும் வெப்பமாதலுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு உண்டா என்பது முடிவாகவில்லை என்று கருதியவர். அவரே 1997இல் வானில் துகள்களைத் தூவிப் புவியைக் குளிர்விக்கலாம் என்று பரிந்துரைத்தார். 2008இல் அமெரிக்க அரசியல்வாதி நியூட் கிங்ரிச், உமிழ்வுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டத்தை எதிர்த்துக்கொண்டே, ஆண்டுக்குச் சில நூறு கோடி டாலரில் முடியும் வழி என்று புவிப் பொறியியலைப் புகழ்ந்தார். இந்நிலைப்பாட்டில் உள்ள முரண்பாட்டை எளிதாகக் கடந்துவிட முடியாது. கந்தகத்தைத் தூவினால் எத்தனை டிகிரி குறையும் என்று சொல்வதும் கார்பன் டை ஆக்சைடால் எத்தனை டிகிரி உயரும் என்று சொல்வதும் ஒரே இயற்பியல், ஒரே கணினி மாதிரிகள். உயர்வைக் கணிக்கும்போது நம்பத்தகாத மாதிரி, தணிப்பைக் கணிக்கும்போது மட்டும் நம்பத்தக்கதாகிவிடுமா? மாதிரிகளை மெய்யாகவே ஐயுறுபவர், புவிப் பொறியியலை எல்லோரையும்விட அதிகமாக அஞ்ச வேண்டும்.

எதிர்த்திசையிலும் இதே குழப்பம் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2024இல் தன் சட்டங்களிலிருந்து காலநிலை மாற்றம் குறித்த பல வரிகளை நீக்கியது. 2025இல் வானிலையையோ காலநிலையையோ மாற்றும் முயற்சிகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. விமானங்களின் வெண்புகைத் தடங்கள் இரகசிய நச்சுத் தெளிப்பு என்ற ஆதாரமற்ற நம்பிக்கைக்கும் இத்தகைய சட்டங்களின் ஆதரவாளர்களிடையே இடம் இருக்கிறது. லட்சம் கோடி டன்னுக்கும் மேலான வாயு காலநிலையை மாற்றாது, ஆனால் ஒரு பலூன் கந்தகம் மாற்றிவிடும் என்று நினைப்பதற்கு எந்தக் கணக்கும் துணை வராது.

உண்மையில் நாம் அறியாமலே ஒருவகைப் புவிப் பொறியியலைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். நிலக்கரிப் புகையிலும் கப்பல் புகையிலும் உள்ள கந்தகம் சூரிய ஒளியைத் திருப்பி, வெப்பத்தின் ஒரு பகுதியை மறைத்துவருகிறது. மனிதர் வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்கள் தனியாக 1 முதல் 2 டிகிரி வரை உயர்த்தியிருக்கலாம் என்றும், துகள்கள் முதலியவை 0.8 டிகிரி வரை குறைத்திருக்கலாம் என்றும் ஐ.பி.சி.சி. மதிப்பிட்டது. 2020இல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, கடல்மேல் கப்பல்கள் விட்டுச்செல்லும் வெண்மேகக் கோடுகளும் குறைந்தன. மக்களின் நுரையீரலுக்கு அது நல்லது. மறைந்திருந்த வெப்பத்தில் அது எவ்வளவை வெளிக்கொணர்ந்தது என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் ஒருமித்த எண் இல்லை.

எனவே ஆராய்ச்சியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆராய்வதும் தூவுவதும் வேறுவேறு. ஆனால் யார் அனுமதிப்பது என்பதற்கு விடை இல்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று 2021இல் ஸ்வீடனின் கிருனா நகரிலிருந்து கருவிச் சோதனைக்காகப் பலூன் பறக்கவிடத் திட்டமிட்டபோது, அதில் துகள் எதையும் தூவும் எண்ணம் இல்லாத நிலையிலும், அங்குள்ள சாமி பழங்குடியினரின் பேரவை எதிர்த்ததால் அது நிறுத்தப்பட்டது. 2024இல் திட்டமே கைவிடப்பட்டது. மறுபுறம், ஓர் அமெரிக்கத் தொடக்க நிறுவனம் 2022இல் மெக்ஸிகோவில் யாரிடமும் அனுமதி பெறாமல் கந்தக பலூன்களைப் பறக்கவிட்டது. அதன் பிறகே இத்தகைய சோதனைகளைத் தடுக்கப்போவதாக மெக்ஸிகோ அரசு அறிவித்தது. காலநிலையைப் போர்க்கருவியாகப் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1978 முதல் நடைமுறையில் இருக்கிறது. அமைதிக்கால நோக்கங்களை அது தடுப்பதில்லை. 2024இன் தொடக்கத்தில் நைரோபியில் கூடிய ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் பேரவையில், சூரிய ஒளியைத் திருப்பும் முறைகளை ஆராய்ந்து அறிக்கை தருவதற்கு ஒரு நிபுணர் குழுவை அமைக்கலாம் என்று ஸ்விட்சர்லாந்து முன்மொழிந்தது. நாடுகளிடையே உடன்பாடு ஏற்படாததால், அந்தத் தீர்மானமும் திரும்பப் பெறப்பட்டது.